சாக்கைப் பார்த்து வாங்கிய சர்வர்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க உட்காரும் வியாபாரி, சாக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக்கூடத்தில் சாம்பிள் கைக்கு வந்ததும் உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார். ஒரு காயைப் பிளந்து அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். லிட்டர் எடை என்ன, அதாவது ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கும் என்று கேட்பார். அதன் பிறகுதான் எதிரே இருக்கும் கணினியில் விலையைத் தட்டுவார். அதே மனிதர், மகன் தொடங்கிய இணைய விற்பனைக்கு ஒரு சர்வர் வேண்டும் என்றதும் சாக்கைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்.

அவருக்குச் சொல்லப்படும் யோசனை தேனியிலும் ஒன்றுதான், கம்பத்திலும் ஒன்றுதான். “நல்ல கம்பெனி சர்வராப் பாத்து ஒண்ணு வாங்கிப் போட்டுருங்கண்ணே. கூடக் கொஞ்சம் ஆனாலும் பரவாயில்ல. அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்.” கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. சொல்பவரும் ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் அதை முழுமையாக நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. உறுதி என்பது பெயரில் இருக்கிறது என்பது முதலாவது. சுமாரான இரண்டைவிட உயர்ந்த ஒன்று மேல் என்பது இரண்டாவது. வாங்கியதோடு வேலை முடிந்தது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. தவறு என்பதோடு நில்லாமல், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அவை காசைக் கரியாக்கும் தவறுகள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். சர்வருக்கென்று தனியாக விற்கப்படும் ஹார்ட் டிஸ்க்கின் விவரத்தாளில், பழுதின்றி ஓடும் சராசரிக் காலம் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 ஆண்டுகள் வருகிறது. எந்த டிஸ்க்கும் அவ்வளவு நாள் ஓடாது. நூறு டிஸ்க் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றுகூடப் போகாது, 0.88 சதவீதம்தான் போகும் என்பதே அந்த எண்ணின் பொருள். அதையாவது நம்பலாமா? 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய நிறுவனங்களில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகள் அவை. ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது. இதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் எழுதினார்கள். சர்வருக்கென்று அதிக விலைக்கு விற்ற டிஸ்க்குகளுக்கும் மேசைக் கணினிக்குப் போகும் மலிவான டிஸ்க்குகளுக்கும் மாற்று விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு அவர்கள் பதிவேடுகளில் தென்படவில்லை.

கோப்புகளைச் சேமித்துத் தரும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் இதைத் தன் தொழில்முறையாகவே ஆக்கிக்கொண்டது. சாதாரண டிஸ்க்குகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி ஓட்டியது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தால் டிஸ்க் தட்டுப்பாடு வந்தபோது, கடைகளில் விற்கும் வெளிப்புற டிஸ்க்குகளை வாங்கி, மேலுறையை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துச் சொருகியது. எந்த மாடல் எத்தனை செத்தது என்பதைப் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் வெளியிட்டும் வருகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தால், ஒரே கம்பெனியின் ஒரு மாடல் நன்றாக ஓடியிருக்கும், அடுத்த மாடல் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கும். லிட்டர் எடை லாட்டுக்கு லாட் மாறும், எஸ்டேட் பெயரை வைத்து எடை சொல்ல முடியாது என்பது ஏலக்காய்க்காரருக்குப் புதுச் செய்தியா என்ன?

இரண்டாவது நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. “ஒரே பெட்டிதான், ஆனா உள்ளே நாலு டிஸ்க் ரெய்டுல ஓடுது. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்” என்பார்கள். ரெய்டு என்ற பெயரைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர். 1988-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் RAID என்ற அந்த ஆங்கிலப் பெயரின் மூன்றாம் எழுத்து ‘விலை குறைந்த’ என்ற சொல்லைக் குறித்தது. பெரிய விலையுயர்ந்த டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வையுங்கள் என்பதே அவர்கள் வாதம். பின்னாளில் அந்த எழுத்துக்கு ‘தனித்தனியான’ என்று பொருள் மாற்றப்பட்டது. விலையுயர்ந்த பெட்டிக்குள் ரெய்டை வைத்து விற்பவர்களுக்கு ‘விலை குறைந்த’ என்ற சொல் உதவவா போகிறது? மேலே சொன்ன 2007 ஆய்வின் கார்த் கிப்சனும் இந்தக் கிப்சனும் ஒருவரே. இருபது ஆண்டு இடைவெளியில் அவர் இரண்டு முறை சொன்னது ஒரே சேதியைத்தான்: டிஸ்க் சாகும், சாகும் என்று வைத்துக்கொண்டு கட்டு.

ரெய்டுக்குள் இருக்கும் நான்கும் தனித்தனியாகச் சாகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்டு எண்டர்பிரைஸ் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுடைய சர்வர்களில் போகும் சில எஸ்.எஸ்.டி. மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். உள்ளே இருக்கும் தரவை மீட்கவும் முடியாது. உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது அது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. எண்ணி வைக்கும் இடம் நிரம்பி வழிந்திருக்கிறது என்று கணினிப் படிப்பில் முதலாமாண்டு மாணவர்கூட ஊகித்துவிடுவார். மணி நேரத்தை நாளாக்கினால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் ஓடவிட்ட நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில்தான் அந்த எண்ணைத் தொடும். ஒன்றாகச் செத்த நான்கு டிஸ்க்கை எந்த ரெய்டு தாங்கும்? பெரிய பெயர், சர்வர் தர டிஸ்க், பட்டியலில் உள்ள விலை என்று யோசனை சொன்னவர் கேட்ட அத்தனையும் அங்கே இருந்தது. வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவருக்கு மட்டும் ஃபர்ம்வேர் மாற்ற ஆள் இல்லை.

கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஆண்டில் 99 சதவீத நேரம் ஓடும் சுமாரான இயந்திரம் ஒன்று, ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோகும். மூன்றரை நாளுக்கும் அதிகம். அப்படிப்பட்ட சுமாரான இரண்டை வைத்து, ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி செய்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு 0.01 சதவீதம். ஆண்டுக்கு 53 நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு பெரிய லாபத்தை எந்தக் கம்பெனி முத்திரையும் தருவதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டும் ஒன்றையொன்று சாராமல் நிற்க வேண்டும். ஒரே யு.பி.எஸ்.ஸில், ஒரே ஃபேஸில், ஒரே மேசைக்கடியில் வைத்த இரண்டு சர்வரும் கணக்குக்கு ஒன்றுதான்.

இந்த நிபந்தனையை மறந்துவிட்டுச் சர்வர் வாங்குவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மோட்டார் வாங்குவது போல. நம் ஊரில் சர்வரைச் சாகடிப்பது பெரும்பாலும் அதன் உள்ளே இருப்பது அல்ல. சுவருக்குள்ளிருந்து வரும் மின்சாரம். ட்ரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட், 400-ஐ நோக்கி ஏறிவிடும். டிவியும் மிக்ஸியும் போன அன்று சர்வரும் போகும். அது எந்தக் கம்பெனிப் பெட்டி என்று அந்த வோல்ட்டேஜ் கேட்டுக்கொண்டு வராது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மேற்கு மலையோரம் இடி இறங்கும்போது, மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து இறங்கும் செம்புக் கம்பி வழியாகவும், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் உள்ளே வரும். மின் இணைப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பாதுகாப்பு வைத்துவிட்டு, நெட்வொர்க் கம்பியைத் திறந்து விட்ட வாசலாக விட்டிருப்பார்கள். வீட்டுக்கு வெளியே வரை செம்பு வந்தாலும், கடைசிச் சில மீட்டரை ஃபைபராக மாற்றிவிட்டால் அந்த வாசல் அடைபடும். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது.

பிறகு எர்த். கட்டடம் கட்டிய நாளில் உப்பும் கரியும் போட்டுத் தோண்டிய குழி, அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் காய்ந்து கிடக்கும். கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றுவது இலவசம்; யாரும் ஊற்றுவதில்லை. இன்வெர்ட்டரும் அப்படித்தான். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். என்றொரு நிலை இருக்கும். அது அணைந்த நிலையிலேயே பல வீட்டில் கிடக்கும். அந்த நிலை அணைந்திருக்கும்போது, கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் நேரம் நீண்டது. சர்வரின் பவர் சப்ளை தன் உள்ளிருப்பை வைத்துத் தாங்குவது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். ஃபேன் அதைக் கவனிக்காது. சர்வர் எழுதிக்கொண்டிருந்த கோப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கும். “கம்பெனி சர்வரே நிக்குது” என்று சலித்துக்கொள்பவர், பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் தவறான இடத்தில் இருப்பதைப் பார்க்கவே மாட்டார்.

இவற்றையெல்லாம் சொன்னால் எதிர்த்தரப்பு வாரண்டியைக் காட்டும். “மூணு வருஷம் வாரண்டி இருக்கு, அடுத்த வேலை நாள் ஆள் வருவாங்க.” சரி, எங்கே வருவார்? மதுரையிலிருந்து தேனிக்கு முக்கால் நூறு கிலோமீட்டர். தேனியிலிருந்து கம்பம் மேலும் நாற்பது. அடுத்த வேலை நாள் என்ற சொல்லில் ஞாயிற்றுக்கிழமை இல்லை, பண்டிகை நாள் இல்லை. தொலைபேசியில் பழுது என்ன என்று உறுதி செய்த பிறகுதான் அந்த ‘அடுத்த நாள்’ எண்ணத் தொடங்கும். பாகம் மதுரைக் கிடங்கில் இல்லையென்றால், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பஸ் ஏற வேண்டும். அலமாரியில் ஒரு டிஸ்க்கும் ஒரு பவர் சப்ளையும் உதிரியாக வைத்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் முடியும் வேலை அது. கடைசியாக ஒன்று: வாரண்டி திருப்பித் தருவது டிஸ்க்கைத்தான். டிஸ்க்குக்குள் இருந்த ஆர்டரும், கணக்கும், பத்தாயிரம் வாடிக்கையாளர் முகவரியும் எந்த வாரண்டி அட்டையிலும் எழுதப்படவில்லை.

மூன்றாவது நம்பிக்கைக்கு, அதாவது திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதற்கு, நல்ல பதிலை 1985-இலேயே எழுதிவிட்டார் ஜிம் கிரே. டேண்டம் என்ற அமெரிக்க நிறுவனத்தில் இருந்தவர் அவர். அந்த நிறுவனம் உள்ளே எல்லாவற்றையும் இரட்டையாக வைத்து, எது போனாலும் நிற்காத இயந்திரங்களை வங்கிகளுக்கு விற்றது. அப்படிப்பட்ட இயந்திரங்களும் நின்ற சம்பவங்களை அவர் வகைபிரித்தார். இயக்குபவர்களின் தவறு 42 சதவீதம், மென்பொருள் 25, வன்பொருள் 18, மின்சாரம் போன்ற சூழல் காரணங்கள் 14. வன்பொருளை இரட்டையாக்கி அதன் பிரச்சினையை அடக்கிய பிறகு எஞ்சி நின்றது மனிதன். நம் கதையில் அந்த மனிதன், கடைப் பையனோ மருமகனோ, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தவரோ.

பெரிய ஊர்க்காரர்களும் தப்பவில்லை. உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் தங்கள் வேலையை வைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான இயந்திரத்தில் ஒரு கட்டளை கொடுத்தார். 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டும் மிஞ்சியது. அவர்களிடம் பேக்கப்புக்கு ஐந்து வழிகள் இருந்தன. அந்த நேரத்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல் காப்பாற்றியது. நம் ஊர்ச் சின்ன கடையில் ஐந்து வழி வேண்டாம். ஒரே ஒரு வழி உண்மையாக வேலை செய்தால் போதும். வேலை செய்கிறது என்பதற்குச் சான்று, பேக்கப் எடுத்ததாகத் திரையில் வந்த பச்சை டிக் அல்ல. அதிலிருந்து ஒரு முறை முழுதாக மீட்டு எடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் அக்கம்பக்கத்தில் ஒரு பையன் ஒட்டுப்போட்ட மேசைக் கணினியையே சர்வராக வைத்துக்கொள்ளலாமா? அதையும் நான் சொல்லவில்லை. சில இடங்களில் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்தான். பிழை திருத்தும் மெமரி அவற்றில் முதன்மையானது. 2009-இல் ஷ்ரோடர் கூகுள் பொறியாளர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்கும் அதிகமான மெமரி அட்டைகளில் பிழை பதிவானது. சாதாரண மெமரியில் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமல் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போகும். இ.சி.சி. மெமரி அதைப் பிடித்துத் திருத்தும், திருத்த முடியாததைச் சொல்லிவிடும். மின்சாரம் போகும் நொடியில் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துவிட உள்ளே கெப்பாசிட்டர் வைத்த எஸ்.எஸ்.டி., இரண்டு பவர் சப்ளை பூட்டும் இடம், கம்பத்திலிருந்தே கோயம்புத்தூரில் இருக்கும் இயந்திரத்தை அணைத்துப் போடும் வசதி, இவை மூன்றும் காசுக்குத் தகும். ஆனால் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு விற்றுவிடும் பழைய சர்வர்களில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் அப்படிப்பட்டவை கிடைக்கும். ஒரு புதிய பெட்டியின் பணத்தில் இரண்டு வாங்கி, மிச்சத்தில் உதிரியும் வைத்துவிடலாம்.

இதற்கு இப்போது ஒரு புதிய பதில் சொல்கிறார்கள்: “எதுக்கு இந்த வம்பு? கிளவுடுல போட்டுருங்க.” பாதி சரி. வாடிக்கையாளர் நாடெங்கும் இருந்தால் இணையக் கடையை இந்தப் பள்ளத்தாக்குக்குள் வைக்கவே கூடாது. திண்டுக்கல்–குமுளி சாலையோரம் ஒரு ஜே.சி.பி. தோண்டினால் ஃபைபர் அறும். டெல்லியில் இருப்பவருக்கு நம் கடை மூடியிருக்கும். அதற்கு மும்பையிலோ சென்னையிலோ வாடகைக்கு இடம் பிடிப்பதே சரி. ஆனால் கிட்டங்கியில் எடை போட்டு பில் அடிக்கும் கணினி, இணையம் போனாலும் ஓட வேண்டும். அது உள்ளூரில்தான் இருக்க வேண்டும். கிளவுடும் ஒரு கட்டடம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. கிளவுடில் போட்டதும் நிம்மதியாகத் தூங்குகிறவர், பெட்டியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

ஆகவே போடியிலிருந்து ஏலக்காய் விற்கும் ஒருவர் என்னிடம் எந்த சர்வர் நல்லது என்று கேட்டால், நான் பதில் சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்பேன். இது நின்றால் எடுத்துக்கொள்ளும் இரண்டாவது எங்கே, வேறு ஊரிலா? எர்த் குழிக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்? நெட்வொர்க் கம்பி எந்த வழியாக உள்ளே வருகிறது? பேக்கப்பிலிருந்து கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள்? நான்குக்கும் பதில் இருந்தால், எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. பதில் இல்லாவிட்டால், உலகிலேயே விலை உயர்ந்த பெட்டியை வாங்கினாலும் அவர் சாக்கைத்தான் வாங்கியிருக்கிறார்.

இந்தச் சோதனைக்கு நாள் குறிக்கவும் சிரமம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் துணைமின் நிலையத்தின் பெயர் போட்டு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே செய்தித்தாளில் அறிவிக்கிறது. அன்று நாம் வழக்கமாக ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைத்துவிட்டு, எப்போது கரண்ட் வரும் என்று காத்திருப்போம். இந்த மாதம் அப்படிக் காத்திருக்க வேண்டாம். ஜெனரேட்டரைத் தொடாதீர்கள். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். இயந்திரம் தானாக ஒழுங்காக அணைகிறதா என்று பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் இரண்டாவது எடுத்துக்கொள்கிறதா என்று உங்கள் கைப்பேசியிலிருந்து ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். நேற்றைய பேக்கப்பைப் புதிதாக ஒரு கணினியில் திறந்து, கடைசி பில் எண்ணைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். மாலை கரண்ட் வருவதற்குள் உங்கள் சர்வரின் லிட்டர் எடை என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.